உயரம் ஏற்றிய ஃபோர் வீல் ஜீப்பில் ஷாஃப்ட் உதறல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஓடும் ஜீப்புகளில் பல, தோட்டப் பாதையின் கற்களுக்காக உயரம் ஏற்றப்பட்டவை. உயரம் ஏற்றிய பிறகு வரும் உதறலைப் பற்றிப் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கத்து வண்டிக்காரர்களும் இங்குள்ளவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலும் இது கோணக் கணக்கில் வரும் பிழை என்பதும், அளந்து பார்க்காமல் பொருள் மாற்றினால் பணம்தான் வீணாகும் என்பதும் கீழுள்ள பதில்களின் அடிப்படை.

மூன்று அங்குலம் ஏற்றினேன். தோட்டப் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. கம்பத்திலிருந்து தேனி போகும் சாலையில் 60ஐத் தாண்டினால் தரை முழுக்க அதிர்கிறது. ஏன்?

பின் ஹவுசிங் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சுக் கூடு) இருந்த இடத்திலேயே இருக்க, பாடியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (எஞ்சின் சக்தியை முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு அனுப்பும் பெட்டி) 75 மி.மீ. மேலே போய்விட்டன. இரண்டையும் இணைக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அந்த அளவுக்குச் சரிந்து நிற்கிறது. ஷாஃப்ட்டின் நீளம் 70 செ.மீ. என்றால், 75 மி.மீ. உயர்வு சுமார் 6 டிகிரி சரிவைக் கூட்டும், 110 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்ட்டில் அதே உயர்வு 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கூட்டும். குட்டை ஜீப்பில் உதறல் வருவதும், அதே உயரம் ஏற்றிய நீள ஜீப்பில் வராமல் போவதும் இதனால்தான்.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும், அது கோணத்தில் நின்றும் சுழல்வதற்காக, கூட்டல் குறி வடிவக் கிராஸ் வைத்த ஜாயின்ட் இருக்கும்; இந்தக் கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது கோணத்தில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சுமார் 1.5 சதவீதம், 20 டிகிரியில் அது 6 சதவீதத்தைத் தாண்டும். அதாவது கோணம் இரட்டிப்பானால் பிழை நான்கு மடங்காகிறது. இந்த ஏற்ற இறக்கம் வண்டியை எவ்வளவு உலுக்கும் என்பது ஷாஃப்ட்டின் சுழல் வேகத்தைப் பொறுத்தது. டயரின் விட்டம் 31 அங்குலம், டிஃபரன்ஷியல் விகிதம் 4.3 என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,740 சுற்றுச் சுற்றும், 80 கி.மீ. வேகத்தில் 2,300ஐத் தாண்டும். ஷாஃப்ட் செய்பவர்கள் பின்பற்றும் ஸ்பைசர் அட்டவணை, நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு 11.5 டிகிரி, 2,000 சுற்றுக்குச் சுமார் 8.7 டிகிரி, 3,000 சுற்றுக்குச் சுமார் 5.8 டிகிரி என்று மேல் எல்லை வகுக்கிறது. தோட்டப் பாதையில் 20 கி.மீ. வேகத்தில் போகும் ஜீப் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. பள்ளத்தாக்கில் இறங்கிச் சமதளச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் கோணம் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

அதிர்வு ஷாஃப்ட்டிலிருந்து வருகிறதா, சக்கரத்திலிருந்து வருகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

மேலே சொன்ன அதே வண்டியில், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. ஷாஃப்ட் 29 முறை சுற்றுகிறது. ஜாயின்ட் கோணத்தின் உதறல் ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதால், அது விநாடிக்கு 58. ஆகவே டயர், ரிம் கோளாறு என்றால் இருக்கையும் ஸ்டீயரிங்கும் எண்ணிவிடக்கூடிய மெதுவான ஆட்டமாக ஆடும். ஷாஃப்ட் பாலன்ஸ் கோளாறு தரையில் நடுக்கமாகத் தெரியும். கோணக் கோளாறு அதைவிட நுண்ணிய நடுக்கமாகவும், காதுக்கு ஒரு முனகலாகவும் வரும்.

அடுத்து, உதறல் வரும் வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். வேகம் மாறாமல் எஞ்சின் சுற்று மட்டும் மாறும்போது உதறலும் மாறினால் எஞ்சின் மவுண்டையோ கிளட்ச்சையோ பாருங்கள். மாறாவிட்டால் எஞ்சினைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். பிறகு அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். சக்கரக் கோளாறு இரண்டிலும் பெரிதாக மாறாது. கோணக் கோளாறு மாறும். நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் சோதனையைச் சமதளத்தில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மட்டும் செய்ய வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு இறக்கத்தில் அதைச் செய்யவே கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தோட்டத்துச் செம்மண் ரிம்மின் உட்புறத்திலும் ஷாஃப்ட்டிலும் அப்பிக் காய்ந்துவிட்டால், அதுவே தனியாக ஓர் உதறலை உண்டாக்கும்.

கோணத்தை எப்படி அளப்பது? விலை உயர்ந்த கருவி வேண்டுமா?

வேண்டியதில்லை. காந்தம் பொருத்திய கோணமானி ஒன்று போதும்; கைப்பேசியின் மட்டம் பார்க்கும் வசதியும், ஒரு நேரான இரும்புப் பட்டையும் இருந்தால் அதுவும் உதவும். ஆனால் வண்டி நிற்கும் விதத்தில் கவனம் தேவை. சமதளத்தில், நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, வழக்கமாக ஏற்றும் எடையுடன் வண்டி நிற்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் தொங்கும் நிலையில் எடுத்த அளவு எதற்கும் பயன்படாது.

மூன்று சரிவுகளை அளக்க வேண்டும்: டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) எந்த அச்சில் நிற்கிறது, ஷாஃப்ட் குழாய் எவ்வளவு சரிந்திருக்கிறது, பினியனின் (ஷாஃப்ட்டின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் கொண்டுபோகும் பல்சக்கரம்) ஃபிளாஞ்ச் எந்த அச்சில் நிற்கிறது. ஃபிளாஞ்ச்சின் முகத்தில் செங்குத்தாக வைத்து அளந்தால், செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அதன் அச்சின் சரிவு. ஷாஃப்ட்டின் சரிவுக்கும் ஃபிளாஞ்ச் அச்சின் சரிவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஜாயின்ட்டின் வேலைக் கோணம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சு பின்னோக்கி 3 டிகிரி இறங்கியிருக்கிறது. ஷாஃப்ட் 13 டிகிரி இறங்கியிருக்கிறது. பினியனின் அச்சும் அதே திசையில் 3 டிகிரி சரிந்து, அதன் மூக்கு சற்று மேல்நோக்கி இருக்கிறது. முன் ஜாயின்ட்டில் 10, பின் ஜாயின்ட்டில் 10. ஒன்று உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. இப்போது யாரோ நீள ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) போட்டதில் பினியனின் சரிவு 8 ஆகிவிட்டது என்று கொள்வோம். முன் ஜாயின்ட்டில் அதே 10. பின் ஜாயின்ட்டில் 5. பின்னால் கோணம் குறைந்துவிட்டதே என்று மகிழ முடியாது. ஈடுகட்ட வேண்டிய கோணம் பாதியாகிவிட்டதால், மிச்சப் பிழை அப்படியே டிஃபரன்ஷியலுக்குப் போகிறது.

வேலைக் கோணம் சுழியமாக இருப்பதும் கூடாது. அரை டிகிரியிலிருந்து 1 டிகிரியாவது இருந்தால்தான் கிராஸின் முனைகளில் உள்ள கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அழுந்திக் கிராஸில் குழி விழுந்துவிடும்.

அப்படியானால் பினியனையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சரியாக இணையாக வைத்துவிட்டால் போதுமா?

பட்டை ஸ்பிரிங் வண்டியில் முழுக்க இணையாக வைப்பதைவிட, பினியனின் மூக்கை 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைப்பதே சரி. வண்டி இழுக்கும்போது ஹவுசிங் முறுகி, பினியன் மூக்கு மேலே எழும்பும். நிற்கும்போது தாழ்ந்திருந்தால் இழுக்கும்போது இணையாக வந்து நிற்கும்.

இறக்கத்தில் மட்டும் உதறுகிறது. ஏற்றத்தில் உதறுவதில்லை. இது எதனால்?

மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தக் கேள்வி மிக முக்கியமானது. இதற்கான விடையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்கும்போது முறுக்கு எதிர்த் திசையில் வேலை செய்வதால், பினியன் மூக்கு மேலே எழுவதற்குப் பதிலாகக் கீழே அமிழ்கிறது. ஆகவே இறக்கத்தில் மட்டும் உதறினால் பினியன் ஏற்கெனவே அளவுக்கு மேல் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பினியன் அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. இறக்கத்தில் உதறலோடு ஊளைச் சத்தமும் சேர்ந்து வந்தால், கோணத்தைத் தொடுவதற்கு முன் பினியன் ஃபிளாஞ்ச்சைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

காலையில் ஆள் ஏற்றி மெட்டு ஏறும்போது ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது உதறுகிறது. இதுவும் அதுவேதானா?

அதுவேதான். எடை ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து ஷாஃப்ட்டின் சரிவு குறைகிறது. எடை இறங்கினால் கூடுகிறது. இரு நிலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டிக் கோணமும் எல்லைக்குள் வரும்படி அமைத்தால் எடை ஏற்றிய நிலை தானாகச் சரியாக இருக்கும். உதறல் நிற்கிறதே என்பதற்காக அனுமதித்ததைவிட அதிக ஆட்களையோ மூட்டைகளையோ ஏற்றுவது தீர்வாகாது.

பினியன் கோணத்தை மாற்ற எது நல்லது: நீள ஷேக்கிளா, ஆப்பா?

ஷேக்கிளை நீட்டுவது கோணத்தை மாற்றுவதற்கான வழியே அல்ல. பின் ஷேக்கிளை நீட்டினால் பட்டைக்கட்டின் பின்முனை தாழ்ந்து, ஹவுசிங் சுழன்று, பினியன் மூக்கு நிமிர்கிறது. பெரும்பாலான உதறலுக்கு மலிவான நீள ஷேக்கிளே தொடக்கம் என்பது என் கருத்து.

பட்டைக்கும், அது உட்காரும் ஹவுசிங் மேடைக்கும் இடையில் வைக்கும் சரிவான ஆப்பே நேரான வழி. 2, 4, 6 டிகிரி அளவுகளில் கிடைக்கிறது. லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். எஃகு ஆப்பையே பயன்படுத்துங்கள். அலுமினிய ஆப்பு எடையிலும் அடியிலும் விரிசல் விட்டு நழுவக்கூடியது. ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப சென்டர் போல்ட் நீளமாக வேண்டும். அதன் தலை மேடைக் குழியில் முழுமையாக உட்கார வேண்டும். ஏற்கெனவே முறுக்கிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். முறுக்கும்போது நீண்ட யூ போல்ட் இரண்டாம் முறை அதே பிடியைத் தருவதில்லை. ஆப்புக்கு மேல் ஆப்பு அடுக்குவதும் கூடாது. 6 டிகிரிக்கு மேல் தேவைப்பட்டால் ஹவுசிங் மேடையை வெட்டிப் புதிய கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். அதைத் தேர்ந்த பட்டறையில் மட்டுமே செய்யுங்கள், வெப்பத்தில் குழாய் வளைந்துவிடும்.

பட்டறையில் ஷாஃப்ட் பாலன்ஸ் போயிருக்கிறது என்றார்கள். பாலன்ஸ் செய்தும் உதறல் போகவில்லை.

பாலன்ஸ் செய்யும் இயந்திரத்தில் ஷாஃப்ட் நேராகச் சுழல்கிறது. வண்டியில் அது கோணத்தில் சுழல்கிறது. இயந்திரத்தில் சரியாக இருந்த ஷாஃப்ட் வண்டியில் உதறுவதில் வியப்பில்லை.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பலர் அதைத் தவற விடுகிறார்கள். ஷாஃப்ட்டைக் கழற்றி ஸ்லிப் ஜாயின்ட்டை (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும், பல் வெட்டிய இணைப்பு) இழுத்துப் பிரித்தவர், திரும்பச் சேர்க்கும்போது ஒரு பல் தள்ளிச் சேர்த்துவிட்டால், இரு முனையின் யோக்குகளும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை வடிவத் துண்டுகள்) ஒரே தளத்தில் நிற்காது. அப்போது கோணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒரு ஜாயின்ட்டின் பிழையை மற்றது ஈடுகட்ட முடியாது. வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஷாஃப்ட்டுகளில் இதற்காகவே இரு பாதியிலும் அம்புக் குறி வெட்டியிருக்கும். இல்லாவிட்டால் பிரிப்பதற்கு முன்பே பெயின்ட்டில் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லிப் ஜாயின்ட் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். உயரம் ஏற்றியதில் ஷாஃப்ட் நீள வேண்டியிருப்பதால் அதன் ஸ்பிளைன், அதாவது பல் வெட்டிய பகுதி, வெளியே இழுபடும். கொஞ்சம் பல் மட்டுமே பிடித்திருந்தால் ஷாஃப்ட் நடுவில் ஆடும். ஹவுசிங் முழுதும் தொங்கும்போது கழன்றும் விடலாம். தேவையானால் ஃபிளாஞ்ச்சில் தட்டை வைத்தோ, குழாயை மாற்றி நீட்டியோ சரி செய்ய வேண்டும். குழாயை மாற்றினால் பாலன்ஸ் கட்டாயம்.

டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்று இறக்கினால் என்ன?

இரண்டு கோணங்களும் சமமாக இருந்தும் வேக எல்லையைத் தாண்டுகிறது என்றால், அது பொருத்தமான தீர்வு. முன் சொன்ன 10–10 உதாரணத்தில், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டம்) 25 மி.மீ. இறக்கினால் 70 செ.மீ. ஷாஃப்ட்டின் சரிவு சுமார் 2 டிகிரி குறைகிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் பின்பக்கம் சாய்வதால் டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் 1 டிகிரிக்குச் சற்று மேல் இறங்குகிறது. ஆக, முன் ஜாயின்ட்டில் சுமார் 3 டிகிரி குறையும். அதற்கேற்ப பினியனையும் ஆப்பினால் சற்று நிமிர்த்த வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் உறையில் உரசுகிறதா, கியர் லீவர்கள் தரைத் துளையில் இடிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றிய உயரத்தில் ஒரு பங்கை வயிற்றுப் பகுதியில் இழக்கிறீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் கற்பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த இழப்பு பெரியது.

இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்துச் செய்யும் இந்த ஜாயின்ட், தன் பிழையைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. உயரம் அதிகம் ஏற்றிய குட்டை ஜீப்புக்கு இதுவே சிறந்தது. ஆனால் இதைப் போட்டால் கணக்கே மாறுகிறது. இனி பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இணையாக நிற்கக் கூடாது. ஷாஃப்ட்டின் நேர்க்கோட்டிலேயே பார்க்க வேண்டும், இழுக்கும்போது எழும்புவதற்காக அதிலிருந்து 1 முதல் 2 டிகிரி மட்டும் தாழ்ந்து. பழைய இணை நிலையிலேயே பினியனை விட்டுவிட்டு இரட்டை ஜாயின்ட் போட்டால், பின் ஜாயின்ட்டின் பிழையை ஈடுகட்ட யாருமில்லாமல் உதறல் முன்பைவிடக் கூடும்.

எடையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்பக்கம் துள்ளுகிறது.

இது வேறு நோய். இழுவையில் பட்டைக்கட்டு வளைந்து முறுகி, பிறகு விடுபட்டுத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. உயரத்துக்காகப் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் கட்டை வைத்திருந்தால் இது மோசமாகும். கட்டையை எடுத்துவிட்டு அந்த உயரத்துக்கு வளைவு கொடுத்த பட்டைக்கட்டைப் போடுவதே முறை. முன் ஹவுசிங்கில் ஒருபோதும் கட்டை வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் விசையில் அது நழுவினால் ஸ்டீயரிங் கைவிட்டுப் போகும்.

முன் ஷாஃப்ட்டையும் இதே கணக்கில் சரி செய்யலாமா?

முன்பக்கம் பினியன் கோணமும் காஸ்டரும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்னோக்கிய சாய்வு) ஒரே ஹவுசிங்கில் பிணைந்திருக்கின்றன. பினியனை நிமிர்த்தினால் காஸ்டர் குறையும். காஸ்டர் குறைந்தால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, நேர்ச்சாலையில் அலையும். இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் காஸ்டரைக் காப்பாற்றுங்கள். முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து துண்டிக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்துவிட்டால் தார்ச்சாலையில் முன் ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை. ஹப் இல்லாத வண்டியில் அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் இடம் தெரிந்துவிட்டது.

பின் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது எச்சரிக்கை தேவை. சில பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற டிரம்மில் இருக்கும். ஷாஃப்ட் இல்லாவிட்டால் கைப்பிரேக்கும் பிடிக்காது, கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள்.

மாருதி ஜிப்சிக்கும் புதிய மஹிந்திரா தாருக்கும் இது பொருந்துமா?

ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸிலிருந்து தனியாக ரப்பர் மவுண்ட்டில் நிற்கிறது. இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. அந்த ரப்பர் தளர்ந்தாலே எல்லாக் கோணமும் மாறிவிடும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். 2020இல் வந்த தாரில் பின்புறம் காயில் ஸ்பிரிங். பினியன் கோணத்தை இணைப்புக் கைகளின் நீளம் தீர்மானிக்கிறது, ஆப்பு பயன்படாது. முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குபவை என்பதால் அங்கே கவலை ஆக்ஸில் ஷாஃப்ட் ஜாயின்ட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

உதறலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. கப்பைச் சுற்றிச் செந்துருத் தூள் தெரிந்தால், உள்ளே ஊசி பேரிங் வறண்டு அரைபடுகிறது. அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் ஒழுகும், பிறகு பினியன் பேரிங் போகும். முன் முனை உடைந்து ஷாஃப்ட் தரையில் ஊன்றினால், ஓடும் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் வண்டியில் இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. முன் ஜாயின்ட்டுக்குச் சற்றுப் பின்னால், குறுக்குச் சட்டத்தில் பொருத்திய இரும்பு வளையம் ஒன்று ஷாஃப்ட் விழாமல் தாங்கும். உயரம் ஏற்றிய எல்லா ஜீப்பிலும் அது இருக்க வேண்டும்.

உயரம் ஏற்றியதைப் பற்றிச் சோதனைச் சாவடியில் கேட்டால்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எல்லையின் இரு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றுதான். எந்த மாற்றத்துக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எது அனுமதிக்கப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளரின் உயரத்துக்கே திரும்பினால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் எழாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி செய்த பிறகு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டுகளையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் திரும்ப முறுக்குங்கள். புதிய பட்டை படிந்து உயரம் சற்று இறங்கும். அதன் பிறகு மூன்று சரிவுகளையும் மீண்டும் அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் ஓடை கடக்கும் வண்டிக்கு, நான்கு கப்பிலிருந்தும் புதிய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். மூன்று கப்பில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கிராஸை மாற்றுங்கள்.